கயிறு திரிக்கவில்லை, சத்தியம்!

கூடாரம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு சர்க்கஸ். அதைச் சுற்றி முளையடித்து இழுத்துக் கட்டியிருப்பார்களே கயிறு, ஓசியில் எட்டிப் பார்க்கப் போய் அதில் தடுக்கி விழுந்த பையன்களில் நானும் ஒருவன். பிற்காலத்தில் அதே மாதிரிக் கயிற்றில் இன்னொருத்தனை விழ வைப்பேன் என்று அப்போது தெரியாது.

2019 மே. இமாசலத்தில் தர்மசாலா பக்கம் கரேரி ஏரி. சுமார் 9,600 அடி உயரம். என்கூட மச்சினன். அவனுக்கு ஜூனில் கல்யாணம். "பேச்சிலரா கடைசி டிரெக் மாமா" என்று இழுத்துக்கொண்டு வந்தான்.

மலையேறுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, கிராம் எண்ணுவது. டூத் பிரஷ் கைப்பிடியைப் பாதியாக நறுக்குகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். நான் பி.காம். வேறு, கேட்கவா வேண்டும்! டென்ட்டை இழுத்துக் கட்டுகிற கயிறை எடை போட்டேன். 4 மில்லிமீட்டர் பாராசூட் கயிறு, 15 மீட்டர், 100 கிராம். கிட்டத்தட்ட 250 கிலோ தாங்குமாம். துணி வீட்டுக்கு யானை கட்டுகிற கயிறு எதற்கு? தூக்கிப் போட்டுவிட்டுத் தெருமுனைக் கடையில் மெல்லிசாகக் கறுப்பு நைலான் கயிறு வாங்கினேன். 20 கிராம். நிகர லாபம் 80 கிராம்!

சாயங்காலம் கட்டியபோது வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது. ராத்திரி மழையும் காற்றும். ஒரு மணி வாக்கில், "மாமா, மூஞ்சில தண்ணி சொட்டுது" என்று எழுப்பினான். கயிறு தொய்ந்து, மேல் துணி உள் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே போய் இழுத்தேன். கயிறு மெல்லிசு இல்லையா, இறுக்குகிற பக்கிள் பிடிக்கவே இல்லை. வழுக்கிக்கொண்டே போனது. விறைத்த விரலில் கயிறு அறுத்ததுதான் மிச்சம்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் 'ஒண்ணுக்கு' என்று எழுந்து போனான். டார்ச் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் கறுப்புக் கயிறு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். 'தொம்' என்று ஒரு சத்தம். கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். ஏரியிலிருந்து இறங்குகிற ஓடையின் இரைச்சல்தான் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரை நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் "மாமா... முட்டி" என்று முனகல். டார்ச் அடித்துப் பார்த்தால், பாறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். ஓடை இரண்டு முழத்தில்.

மறுநாள் 13 கிலோமீட்டர், கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கினான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற போட்டோக்கள்தான் அதிகம். ஏன் என்று என் மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. தயவுசெய்து அவரிடம் இந்தப் பத்திரிகையைக் காட்டாதீர்கள்.

ஊர் திரும்பியதும் காசிமேட்டில் ஒரு கயிற்றுக்கடைக்குப் போனேன். "எவ்வளவு வெயிட் தாங்கும்?" என்று ஆரம்பித்தேன். கடைக்காரப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"தூக்கறதுக்கா, இழுத்துக் கட்டறதுக்கா?"

"இழுத்துக் கட்ட."

"அப்ப நைலான் எதுக்கு சார்? தண்ணி குடிச்சா நீண்டுடும். நங்கூரத்துக்குன்னா சரி. அலை இழுக்கறப்ப கொஞ்சம் குடுத்துப் போவணும். உனுக்கு எதுக்குக் குடுக்கணும்?"

மூன்று வருஷம் காலேஜில் படித்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். நான் கேட்ட கேள்வியே தப்பு. டென்ட் கயிறு அறுந்து போவது அபூர்வம். தொய்வதும், நழுவுவதும், கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும்தான் ஆபத்து.

அப்புறம்தான் விசாரித்தேன். பாலியஸ்டர் தண்ணீர் அதிகம் குடிக்காது, நீளாது. டைனீமா என்று ஒன்று. தண்ணீரில் மிதக்கிற அளவு லேசு, துளிக்கூடத் தண்ணீர் குடிக்காது, இழுத்தால் அசையாது. ஆனால் வெண்டைக்காய் மாதிரி வழவழ. போட்ட முடிச்சு தானே நழுவும். அதனால் உள்ளே டைனீமா, மேலே பாலியஸ்டர் உறை போட்டதாக வாங்கினேன். 2 மில்லிமீட்டர். அதற்கும் மெலிந்தால் பக்கிள் பிடிப்பது சந்தேகம், ஈரத்தில் முடிச்சை அவிழ்க்க நகம் போதாது. ஆரஞ்சு நிறம், நடுவே வெளிச்சம் பட்டால் மின்னுகிற இழை. 15 மீட்டர் சுமார் 40 கிராம். விலையை வீட்டில் சொல்லவில்லை.

2022-ல் மறுபடி கிளம்பினோம், அதே மச்சினனோடு. ராத்திரி அவன் எழுந்து டார்ச் அடித்தான். நாலு பக்கமும் கயிறு பளிச்சென்று மின்னியது.

"தெரியுது மாமா" என்றான்.

அப்புறமும் காலைத் தேவைக்கு மேலே ஒரு முழம் உயரத் தூக்கித்தான் தாண்டினான்.