அரைக் கட்டை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த காரணத்தினாலேயே பல வருஷ காலம் அதைத் திறக்காமல் இருந்தேன்.

பெட்டி என் தகப்பனாருடையது. அவருக்குப் பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். சங்கீத உலகத்துக்கு இரு வகையாரும் வேண்டியவர்கள்தானே! வானொலியில் கச்சேரி என்றால் டேப் ரிக்கார்டரின் முன்னால் உட்கார்ந்து, விசையில் விரலை வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேசி முடிக்கும் தருணத்துக்காகக் காத்திருப்பார். அவ்விதம் சேர்ந்த கேசட்டுகள் எழுபதுக்கு மேல். எல்லாவற்றிலும் ராகமும் தேதியும் அவருடைய மணி மணியான எழுத்தில் இருக்கும். ஒன்றில் மட்டும் எதுவும் எழுதவில்லை. "1" என்ற இலக்கம் மாத்திரம் உண்டு. அது வானொலிக் கச்சேரி அல்ல. 1984-ஆம் வருஷத்து நவராத்திரியில் என் தாயார் வீட்டுக் கூடத்தில் பாடியது.

அம்மா கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் முறையாகச் சங்கீதம் பயின்றவள். அதற்கப்புறம் சமையலறையே அவளுடைய சபையாயிற்று. அந்த ஒரு மாலைதான் அப்பாவின் வற்புறுத்தலுக்காகச் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஐந்து பாட்டுப் பாடினாள். அவள் குரலில் பதிவானது அவ்வளவே.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். கேசட்டின் முதுகுப்புறத்து மூலைகளில் இரண்டு சிறு பிளாஸ்டிக் மடல்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்குரிய மடலை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபடியும் பதிவு செய்ய முடியாது. அப்பா ஜாக்கிரதையாக அதை உடைத்து வைத்திருந்தார். ஆனால் அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டால் கருவி ஏமாந்துபோகும். இந்தச் சாஸ்திரத்தைப் பள்ளித் தோழன் ஒருவன் எனக்கு உபதேசித்திருந்தான். 1992-ஆம் வருஷம், 'ரோஜா' படம் வெளிவந்து, தெருவெல்லாம் அந்தப் பாட்டாகவே ஒலித்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு வயது பன்னிரண்டு. காலி கேசட் வாங்கக் காசில்லை. பெயர் எழுதாத கேசட் ஒன்று கண்ணில் பட்டது. மேற்கொண்டு விவரிப்பானேன்? பதிவு செய்யும்போது கருவி முதலில் பழைய ஒலியை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். அதில் மேலெழுத்தும் அடியெழுத்தும் கிடையாது. போனது போனதுதான்.

வீட்டில் யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அதனால் யாருக்கும் தெரியாதென்றே எண்ணிக்கொண்டேன். ஆயினும் அந்தக் கேசட்டைத் தொடும் துணிவு எனக்கு அப்புறம் வரவில்லை.

அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சென்ற கோடை விடுமுறையில், அவர் சேர்த்த சங்கீதத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுவதென்று தீர்மானித்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், "இணையத்தில் கிடைக்காத பாட்டா, அப்பா?" என்று கேட்டான். "பாட்டுக் கிடைக்கும், பாட்டி கிடைக்க மாட்டாளே!" என்றேன். உடனே அவனும் வேலையில் சேர்ந்துகொண்டான்.

பௌதிகம் கற்பிக்கிறவனாதலால், இது சுலபமான காரியமென்று எனக்கு ஓர் இறுமாப்பு. பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ல் வெளியிட்ட இந்தச் சிறு பேழைக்குள் இருப்பது, இரும்பு ஆக்ஸைடு பூசிய ஒரு பிளாஸ்டிக் நாடா. வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலி அதில் காந்த வடிவத்தில் இருக்கிறது. கருவியிலிருந்து ஒரு கம்பி வழியாக மின்சாரமாக வருவதைக் கம்ப்யூட்டர் வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதானே?

ஆனால் அப்பாவின் டேப் ரிக்கார்டர் உயிரை விட்டு வெகு நாளாயிற்று. சக ஆசிரியர் ஒருவரிடம் கருவியை இரவல் வாங்கினேன். நாடாவைத் தொடும் பாகங்களை ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் துடைத்தேன். முதலில் வைத்த கேசட்டைக் கருவி அப்படியே விழுங்கிற்று. நாடாவை இடியாப்பமாக வெளியே எடுத்தோம். இன்னொன்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு உதிர்ந்து போயிருந்தது. முதல் இலக்கக் கேசட்டைக் கடைசியில்தான் வைப்பதென்று அப்போதே முடிவு செய்தேன்.

இந்த வேலையில் அவசரம் செல்லாது. முப்பது நிமிஷப் பக்கத்தை மாற்ற முப்பது நிமிஷம் உட்கார்ந்தே ஆகவேண்டும். பத்து நாள் கழித்து முதல் இலக்கத்தின் முறை வந்தது. சினிமாப் பாட்டுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்தொன்பது நிமிஷம் ஓடின. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று 'டக்' என்று ஒரு சப்தம். மோகன ராகத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்து அம்மாவின் குரல் எழுந்தது! நான் என்ன காரணத்தாலோ அன்று பதிவை அத்துடன் நிறுத்தியிருக்கிறேன். பாதி மோகனமும், அதையடுத்து ஒரு முழுப் பாட்டும் தப்பிப் பிழைத்திருந்தன. முடிவில் அப்பா, "இன்னும் ஒன்று பாடேன்" என்கிறார். அம்மா, "போதும்" என்கிறாள்.

என் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒரே இரைச்சலாக இருந்ததை நீக்கி, அம்மாவுக்குச் சுத்தமாகக் கொடுக்க விரும்பினேன். 'ஆடாசிட்டி' என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் அதற்கு வழி உண்டு. இரைச்சல் மட்டும் இருக்கும் ஓரிடத்தைக் காட்டினால், அதைப் பழகிக்கொண்டு, மற்ற இடங்களிலும் அதையே களைந்துவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினேன். பின்பு அம்மாவை அழைத்து உட்கார வைத்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு, "சுருதி எங்கேடா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடைவெளியில் யாரும் பாடவில்லை. ஆனால் சுருதிப் பெட்டி ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. யந்திரத்தின் அபிப்பிராயத்தில், மாறாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல்! ஆதார சுருதியையே குப்பையென்று பெருக்கித் தள்ளிவிட்டது. நல்லவேளையாக மூலப் பதிவைத் தனியாக வைத்திருந்தேன். அதையே இரைச்சலுடன் வைத்தேன்.

"இப்போது சரி. ஆனால் இது என் குரல் அல்ல" என்றாள் அம்மா. "எனக்கு ஐந்து கட்டை. இது ஐந்தரையில் அல்லவா போகிறது?"

நான் நம்பவில்லை. அவள் எழுந்து போய்ப் பழைய சுருதிப் பெட்டியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து ஊதினாள். சந்தேகமேயில்லை, அரைக் கட்டை ஏற்றம். இரவல் கருவியின் மோட்டார் நூற்றுக்கு ஆறு பங்கு வேகமாக ஓடியிருக்கிறது. சினிமாப் பாட்டுக்களும் அப்படியே ஏறித்தான் ஒலித்திருக்கின்றன; பௌதிக ஆசிரியனான என் காதில் அது படவேயில்லை!

கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்து மறுபடி வைத்தேன். அம்மாவின் குரல் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. முடிவில், "இன்னும் ஒன்று பாடேன்" என்ற குரல் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முன்பு கேட்டது யாரோ ஒருவருடைய கீச்சுக் குரல், இதுதான் அப்பா. அம்மா கண்ணைத் திறக்காமலே இருந்தாள்.

அப்போதுதான் காகிதத் துண்டைப் பற்றிச் சொன்னேன்.

"உன் அப்பாவுக்கு அன்று சாயங்காலமே தெரியும். காகிதத்தைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பெட்டியில் வைத்தார். குழந்தையிடம் ஒன்றும் கேட்காதே என்றார். என்னை மறுபடி பாடச் சொன்னார், பதிவு செய்யலாமென்று. நான்தான் பிறகு பார்க்கலாமென்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். உன்மேல் மட்டும் தப்பில்லை" என்றாள் அம்மா. சற்று நேரம் கழித்து, "அந்தச் சினிமாப் பாட்டுக்களையும் அழித்துவிடாதே" என்றாள்.

பழைய கேசட்டுகள் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தள்ளிப் போடாதீர்கள். நாடாவுக்கும் வயதாகிறது, அதை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. மாற்றியதில் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். மூலத்தை எறிந்துவிடாதீர்கள். முக்கியமாக, பாடியவர் உயிரோடிருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். சுருதியைக் கண்டுபிடிக்க அவரை விட்டால் வேறு கருவி இல்லை.

சுருதிப் பெட்டியை அம்மா இன்னும் பரணுக்கு அனுப்பவில்லை. அது கூடத்தில்தான் இருக்கிறது.