ஊட்டிக் குளிருக்கு ஒரு ஜெர்க்கின் போதுமா?

காலை 7 மணி வாக்கில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மலை ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் இரண்டு வகை ஆண்களைப் பார்க்கலாம். ஒருவர் அரைக்கை டி-ஷர்ட்டோடு, ‘எனக்கெல்லாம் குளிராது’ என்று நிற்பார். இன்னொருவர் பஞ்சு வைத்த தடித்த ஜெர்க்கினை அங்கேயே மாட்டிக்கொண்டு வியர்த்து வழிவார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரையுமே மலை நடுங்க வைத்துவிடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 46 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊட்டி ஸ்டேஷனோ சுமார் 2,203 மீட்டர். மேலே போகப் போக, 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி என்ற கணக்கில் வெப்பம் குறையும். ரயில் ஏறும் இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் கிட்டத்தட்ட 11 டிகிரி வித்தியாசம்! அதோடு வழியில் 16 குகைகள், ஜன்னல் வழியே அடிக்கும் ஈரக்காற்று, திடீரென்று மூடும் மேகம் எல்லாம் உண்டு.

அரைக்கைக்காரர் நடுங்குவதில் ஆச்சரியமில்லை. ஜெர்க்கின்காரர் ஏன் நடுங்குகிறார்? கீழேயே வியர்த்ததால் அவருடைய பருத்தி பனியன் ஈரமாகிவிட்டது. பருத்தி ஈரத்தைச் சீக்கிரம் விடாது. குன்னூரில் இறங்கி, சூடாக டீ குடிக்கலாம் என்று ஜெர்க்கினைத் திறந்தால் போதும்... குளிர்காற்று ஈர பனியனில் பட்டு முதுகு சில்லிட்டுவிடும்.

இதற்கு வழி, தடிமனாக ஒன்று போடாமல் மெல்லிசாக மூன்று போடுவதுதான். உடம்பை ஒட்டி, வியர்வையைச் சீக்கிரம் உலரவிடும் டி-ஷர்ட். விளையாடப் போகிறவர்கள் போடும் பாலியஸ்டர் வகை போதும். பக்கத்துத் திருப்பூரில் தைப்பதே கிடைக்கும். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர். குளிரைத் தடுப்பது துணியின் கனம் மட்டுமல்ல. இழைகளுக்குள்ளும் துணிகளுக்கு நடுவிலும் சிக்கி நிற்கும் காற்றும்தான். அதனால்தான் மெல்லிய துணிகளை அடுக்கினால் கதகதப்பு கூடுகிறது.

கடையில் வாங்கும்போதே சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். விண்ட்சீட்டர் வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். ஸ்வெட்டர் போட்ட கையோடு அதை மாட்டிப் பார்த்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. தலைவழியாகப் போடும் ஸ்வெட்டரைவிட முன்பக்கம் ஜிப்போ பட்டனோ வைத்தது வசதி. நெரிசலான ரயில் பெட்டியிலும் உட்கார்ந்தபடியே கழற்றலாம். அழகு பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: உள்ளே ஒரே நிற டி-ஷர்ட், மேலே பட்டன் போடாத கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டை. போட்டோவிலும் நன்றாக இருக்கும். வெயில் வந்தால் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.

எதையும் எடுத்துவராமல் மலை ஏறியவர்களுக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கத்து திபெத்தியர் மார்க்கெட் இருக்கிறது. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். பேரம் பேசியும் வாங்கலாம்.

மாதத்துக்கு மாதம் தேவையும் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். மழை புகாத மேலுடை இல்லாமல் போகக்கூடாது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை. டிசம்பர், ஜனவரியில் விடிகாலைப் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். காதை மூடும் குல்லா அவசியம். அதே நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மழை மாதங்களில் ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் மறுநாள் வரை காயாது. சீக்கிரம் உலரும் பேன்ட்டும் கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸும் போதும்.

மலைவாழ் மக்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. தோடர்கள், ஆண் பெண் இருவருமே, கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த கெட்டியான வெள்ளைப் பருத்திப் போர்வையைப் போர்த்திக்கொள்வார்கள். குளிரும்போது இறுக்கிச் சுற்றலாம், வெயில் வந்தால் தளர்த்தலாம். அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

அடுக்கிப் போட்டால் மட்டும் போதாது, நேரத்துக்குக் கழற்றவும் மாட்டவும் வேண்டும். ஏற்றத்தில் நடக்கும்போது வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்ற வேண்டும். நடை நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவில் காற்று பலமாக வீசும். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே விண்ட்சீட்டர் உடம்பில் இருக்க வேண்டும்.

குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர், மனைவிக்குச் சால்வை, அம்மாவுக்குக் கம்பளி என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கும் அப்பாக்கள், தங்களுக்கென்று எதையும் எடுப்பதில்லை. கடைசியில் அவர்தான் முதலில் நடுங்கி, ‘போதும், ரூமுக்குப் போகலாம்’ என்பார். படகுச் சவாரிக்கு ஆசையாக நின்ற பிள்ளையின் முகம் வாடிவிடும். பையில் மடித்து வைக்கும் அந்த மெல்லிய விண்ட்சீட்டர் அப்பாவுக்கு மட்டுமல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான்!