எடை குறைந்தது... மனசு?

உடல் பருமனுக்கு ஆபரேஷன் என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது "முன்பு - பின்பு" விளம்பரப் படம்தான். இடது பக்கம் பட்டன் தெறிக்கும் சட்டையில் ஒரு சோக முகம். வலது பக்கம் ஜீன்ஸ், டி-ஷர்ட், பளீர் சிரிப்பு. அந்த வலது பக்கப் படத்தில் இருப்பவர் இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

முதலில் ஆபரேஷன் பற்றிக் கொஞ்சம். இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் அல்ல. இரண்டு முறைகள் அதிகம் செய்யப்படுகின்றன. ஒன்று ஸ்லீவ்: இரைப்பையில் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயாக விடுவது. இன்னொன்று பைபாஸ்: இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. இரண்டிலும் சாப்பிடும் அளவு குறைகிறது, பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் மாறுகின்றன.

பலன் இல்லாமலா செய்கிறார்கள்? நிச்சயம் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்ட 7,925 பேரை, ஆபரேஷன் செய்யாத, அதே அளவு பருமனான 7,925 பேரோடு ஒப்பிட்டார்கள். 2007-ல் வந்த முடிவு: ஆபரேஷன் செய்தவர்களிடம் மொத்த மரண விகிதம் 40 சதவீதம் குறைவு. சர்க்கரை நோயால் மரணம் 92 சதவீதம் குறைவு. புற்றுநோயால் மரணம் 60 சதவீதம் குறைவு.

வரவுப் பக்கம் முழுக்க லாபம்தான். ஆனால் அதே ஆய்வில் ஒரு வரி மட்டும் பற்றுப் பக்கத்தில் இருந்தது. விபத்து, தற்கொலை போன்ற, நோயால் வராத மரணங்கள் ஆபரேஷன் செய்தவர்களிடம் 58 சதவீதம் அதிகம். எண்ணிக்கையில் இது சிறியது. மொத்தக் கணக்கில் லாபமே ஜெயிக்கிறது. ஆனாலும் உடம்பு தேறிய ஒருவர் ஏன் வாழ்க்கையை வெறுக்க வேண்டும்?

காரணங்கள் பல. முதலாவது, சாப்பாடு என்பது பலருக்குப் பசிக்கு மட்டுமல்ல. ஆபீஸில் திட்டு வாங்கினால் ஒரு பிளேட் பஜ்ஜி, வீட்டில் சண்டை என்றால் ஒரு பாக்கெட் பிஸ்கட். நல்லதோ கெட்டதோ, அது ஒரு துணை. ஆபரேஷன் அந்தத் துணையை ஒரே நாளில் பிடுங்கிக்கொள்கிறது. பைபாஸ் செய்தவர் கொஞ்சம் அதிகமாக இனிப்பு சாப்பிட்டாலே சிலருக்குப் படபடப்பு, வியர்வை, மயக்கம் எல்லாம் வரும். துணை போய்விட்டது, ஆனால் திட்டும் சண்டையும் அப்படியே இருக்கின்றன!

இரண்டாவது, எதிர்பார்ப்பு. வேலை கிடைக்கவில்லையா, கல்யாணம் ஆகவில்லையா, நண்பர்கள் இல்லையா, எல்லாவற்றுக்கும் எடைதான் காரணம் என்று வருடக்கணக்கில் நம்பியவர், எடை போன பிறகும் அந்தப் பிரச்னைகள் அங்கேயே நிற்பதைப் பார்க்கிறார். இனி பழிபோட எதுவும் இல்லை.

மூன்றாவது, கண்ணாடியும் ஊரும். எடை வேகமாகக் குறையும்போது தோல் தொங்கிப்போகிறது. சட்டைக்குள் இருப்பது விளம்பர உடம்பு அல்ல. நேற்றுவரை "பூசணிக்காய்" என்றவர்கள் இன்று "என்ன இப்படி இளைச்சுட்ட, சுகரா?" என்கிறார்கள். சிலர் திடீரென்று மரியாதை தருகிறார்கள். அப்படியானால் இத்தனை நாள் நான் மனுஷன் இல்லையா என்ற கேள்வி அவருக்குள் எழுவது இயல்புதானே.

உறவுகளும் ஆடுகின்றன. ஸ்வீடனில் நடந்த, 2018-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் தனியாக இருந்தவர்களுக்குப் புதுத் துணை கிடைப்பது அதிகமாக இருந்தது. ஏற்கெனவே துணையோடு இருந்தவர்களிடம் பிரிவும் அதிகமாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது காலக் கணக்கு. முதல் வருடம் தேனிலவு மாதிரி. வாரா வாரம் எடை இறங்குகிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள், டாக்டரும் அடிக்கடி கூப்பிடுகிறார். சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஸ்வீடனில் 10 வருடம் பின்தொடர்ந்தபோது, வாழ்க்கைத் திருப்தி முதல் வருடத்தில் உச்சத்தைத் தொட்டு, எடை கொஞ்சம் திரும்பிய அடுத்த சில வருடங்களில் படிப்படியாக இறங்கியது. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் நடந்து 2012-ல் வந்த ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம், முதல் வருடம் 7.3, இரண்டாம் வருடம் 9.6. (பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் மிக வேகமாக ஏறும் என்பதும் ஒரு காரணம்.) கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரைப் பார்த்த 2016-ஆம் வருட ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சேர்த்து, 111 பேர். ஆபரேஷனுக்குப் பிந்தைய சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வருடங்களில் நடந்தவை. மொத்தச் சம்பவங்களில் 93 சதவீதம், முன்பே மனநலப் பிரச்னைக்காக மருத்துவரைப் பார்த்தவர்களிடம் நிகழ்ந்தன.

அதாவது யாருக்கு ஆபத்து என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். எப்போது என்பதும் தெரிந்த விஷயம். எல்லோரும் "அவன் நல்லாயிட்டான்" என்று விசாரிப்பதை நிறுத்தும் நேரம்தான் அது.

அதற்காக ஆபரேஷனே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மனச்சோர்வு குறைந்து நிம்மதியானவர்கள் நிறையப் பேர். அதே ஸ்வீடன் ஆய்வில், 10 வருடம் கழித்தும் மனச்சோர்வு விஷயத்தில் ஆபரேஷன் செய்தவர்களே மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5 இருந்தாலே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எனவே சென்னையிலும் கோவையிலும் இனி இன்னும் பல குடும்பங்கள் இதைச் சந்திக்கும்.

அவர்களுக்குச் சில யோசனைகள். ஆபரேஷனுக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் அதை வெறும் கையெழுத்துச் சடங்காக நினைக்க வேண்டாம். பழைய மனச்சோர்வை மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான். அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும்; பைபாஸுக்குப் பின் மருந்து உடம்பில் சேரும் அளவு மாறலாம். உடம்புக்கான செக்கப்போடு மனசுக்கான செக்கப்பும் இரண்டு, மூன்று வருடமாவது தொடர வேண்டும். மனம் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

சுற்றியிருப்பவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இரண்டு வருடம் கழித்தும் ஒரு போன் போடுங்கள். "எத்தனை கிலோ குறைஞ்ச?" என்று கேட்காமல், "எப்படிப்பா இருக்க?" என்று கேளுங்கள்.