தஞ்சாவூர் ஓடுபாதை யாருக்கு?

பூதலூர்க்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் திருச்சிதான். தஞ்சாவூரிலும் ஓர் ஓடுபாதை இருப்பது வயலில் வேலை செய்பவர்களுக்குக்கூடத் தெரியும். சுகோய் விமானம் தலைக்கு மேல் போனால், நடவு நடும் பெண்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி குனிகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் போட்ட தளம் அது. வாயுதூத் நிறுவனம் இருந்த நாட்களில் சென்னையிலிருந்து சிறிய விமானம் வந்து போனது. கூட்டம் சேராததால் நின்றுவிட்டது. 2013 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி அதை விமானப்படைத் தளமாகத் திறந்து வைத்தார். 2020 ஜனவரியில் சுகோய்-30 விமானங்கள் கொண்ட 222ஆம் படைப்பிரிவு வந்தது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்க ஏற்ற இடம் என்றார்கள்.

படைத்தளம் என்றால் பொதுமக்களுக்கு இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. புனேயில் ஓடுபாதை விமானப்படையுடையது, கோவா டபோலிமிலும் விசாகப்பட்டினத்திலும் கடற்படையுடையது. பயணிகளுக்கு வேண்டியது தனி வாசலோடு ஒரு கட்டடம், விமானம் நிற்க ஓர் இடம், ஓடுபாதையோடு சேரும் ஓர் இணைப்பு. ஒரு தொல்லை உண்டு: நேரம் படையினர் சொல்வதுதான். டபோலிமில் வார நாட்களில் காலை வேளையைக் கடற்படைப் பயிற்சிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலியும் போர்க்காலத் தளம்தான், இராணுவத்தின் பிடியில் இருந்ததுதான். 2019 அக்டோபர் 17 அன்று அது சர்வதேச விமான நிலையமானபோது சென்னையிலிருந்து போய் இறங்கியது சுமார் எழுபது பேர் உட்காரும் ஏ.டி.ஆர். விமானம். பெரிய விமானம் வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

தஞ்சாவூருக்கும் 'உடான்' திட்டத்தில் பெயர் வந்தது. பேச்சு மட்டும் வருஷக்கணக்கில் நடக்கிறது. "திருச்சி பக்கத்திலேயே இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்கிறார்கள். பூதலூரிலிருந்து பார்த்தால் நியாயமான கேள்வி. கிழக்கே போனால் அது பொருந்தாது.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பலர் பிரான்சில் குடியேறிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தாயாரின் காரியத்துக்காகப் பாரிசிலிருந்து சென்னை வந்து இறங்கினார். திருச்சி விமானத்தில் இடமில்லை. காரில் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை சாம்பலைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. தஞ்சாவூருக்கு ஒரு விமானம் இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டு வாசலில் இருந்திருப்பார்.

குத்தகை, நிலம், அனுமதி என்று கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பது குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியும். கட்டடம் ஒருநாள் வந்துவிடும். என் கவலை வேறு. முன்பு நின்றது ஓடுபாதை இல்லாததால் அல்ல, ஏற ஆளில்லாததால். விமானம் இறங்கும் நேரத்துக்குக் கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்கால் பேருந்து வாசலில் நிற்க வேண்டும். அதற்கு ஏற்பாடு இல்லாவிட்டால் இந்தத் தடவையும் பாதி இருக்கை காலியாகத்தான் பறக்கும். அந்த ஊர்களில் இருப்பவர்கள் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.