ஐசுமி: பெயரில் மிஞ்சிய நீலம்

ஜப்பானின் ஷிகொக்கு தீவில், தொக்குஷிமா நகரை ஒட்டி, யொஷினோ ஆற்றின் வடகரையில் இருக்கிறது ஐசுமி. 1955-இல் ஐசோனோ, சுமியோஷி என்ற இரு கிராமங்களைச் சேர்த்து, பெயரையும் ஒட்டுப்போட்டுவிட்டார்கள். 'ஐ' என்றால் நீலச்சாயம்.

ஆற்றில் வெள்ளம் அடிக்கடி வரும், நெல் தாங்காது. புயலுக்கு முன்பே அறுத்துவிடலாம் என்று நீலச்செடி போட்டார்கள். வெள்ளம் விட்டுப்போன வண்டலே உரம். ஜப்பானின் பழைய எடோ காலத்தில் பருத்தித் துணி பரவப் பரவ, இந்தக் கரைச் சாயத்துக்கு நாடெங்கும் கிராக்கி.

நான் திண்டிவனத்துப் பக்கம்; இங்கே குடியேறி 18 ஆண்டாகிறது. நம்மூரில் அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, கடைந்து, அடியில் படிவதை வில்லையாக்குவார்கள். இங்கே செடியும் வேறு, வழியும் வேறு. காய்ந்த இலையைக் கொட்டகையில் குவித்து, தண்ணீர் தெளித்து, சில நாளைக்கொருமுறை புரட்டி, சுமார் 100 நாள் மக்கவைக்கிறார்கள். குவியலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர் காலத்தில் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல வைக்கோல் பாய் போர்த்துவார்கள். முதல்முறை உள்ளே போனபோது அமோனியா நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கொட்டகைப் பெரியவர் சிரித்துக்கொண்டே புரட்டினார். கடைசியில் கிடைப்பது கறுத்த எருபோன்ற 'சுக்குமோ'. அதைச் சாம்பல்நீர், கோதுமைத் தவிடு, சுண்ணாம்போடு புளிக்கவைத்தால் தொட்டியில் நீல நுரை பூக்கும். முக்கியெடுத்த துணி பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

1903-இல் தொக்குஷிமா மாநிலத்தில் 15,000 ஹெக்டேரில் நீலச்செடி. அதற்கு முன்பே மலிவான இந்திய அவுரி இங்கே வந்து இறங்கியிருந்தது. இதை இவர்களிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். பிறகு ஜெர்மன் செயற்கைச் சாயம் மிச்சத்தையும் முடித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப்பயிர் மட்டுமே போடவேண்டும் என்று கட்டளை. ஒரு குடும்பம் மலைக்குள் மறைவாகப் பயிரிட்டு விதையைக் காப்பாற்றியது.

இன்று அதே வண்டலில் கேரட். மீதி நிலத்தில் வீடுகள், ஒரு பெரிய மால். சுக்குமோ செய்யும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். பழைய சாய வியாபாரியின் மாளிகை அருங்காட்சியகமாகிவிட்டது. வருகிறவர்கள் ஒரு கைக்குட்டையை முக்கிப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். 2020 தோக்கியோ ஒலிம்பிக் சின்னம் நீலச்சாய நிறத்தில் வந்தபோது ஊரே பூரித்தது. பூரித்தவர்களில் எத்தனை பேர் ஒரு பாத்தி செடி போட்டார்கள்?

போன மாதம் மாலில் ஒரு நீலச் சட்டையைக் காட்டி, "இது என்ன சாயம்?" என்று கேட்டேன். கடைப் பெண் லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பருத்திங்க" என்றாள்.