பூட்டிய கோவிலும் கலங்கிய நெஞ்சமும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள். மங்கள வார்த்தைத் திருநாள். நாசரேத்தூர்க் கன்னியிடம் அஞ்ச வேண்டாம் என வானதூதர் உரைத்ததைத் திருச்சபை நினைவுகூரும் அந்நாளில்தான், கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. கோவில் கதவைச் சாத்திக்கொண்டு, உபதேசியார் ஒருவர் மட்டும் மறுமொழி கூற, நாம் திருப்பலி நிறைவேற்றினோம். ஆளில்லாத தரையை நோக்கி அஞ்சாமையைப் பற்றி மறையுரை ஆற்றிய நாமே அன்றிரவு உறங்கவில்லை. அன்பார்ந்த குடும்பங்களே, இதனை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அறைவீட்டுத் தொலைக்காட்சி விடியற்காலை முதல் நள்ளிரவுவரை ஓடிக்கொண்டிருந்தது. எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்னும் கணக்கைச் செபமாலை மணிகளைப் போல உருட்டிக்கொண்டிருந்தோம். தாழ்ப்பாளைத் தொட்டால் கை கழுவினோம்; கழுவிய கையை ஐயுற்று மீண்டும் கழுவினோம்.

27-ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு உரோமையிலிருந்து வந்த காட்சியைக் கண்டோம். மழை பெய்துகொண்டிருந்தது. வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிசு தனித்து நின்றார். புயலில் சிக்கிய படகைப் பற்றிய மாற்கு நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டது. எத்தனையோ முறை அப்பகுதியை விளக்கியிருக்கிறோம். ஆயினும் அன்றுதான் ஒன்று கண்ணிற்பட்டது. சீடர்கள் தங்கள் அச்சத்தை ஒளிக்கவில்லை; உறங்கிய ஆண்டவரை எழுப்பியே சொன்னார்கள். நாமோ ஒருவரிடமும் சொல்லாமல் அதனைத் தலையணைக்கடியில் வைத்திருந்தோம்.

சில நாட்கள் சென்று ஓரிரவு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது. நோய் வந்துவிட்டதென்றே நினைத்தோம். பங்கைச் சேர்ந்த செவிலியச் சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"காய்ச்சல், இருமல் ஏதாச்சும் இருக்கா சாமி?"

"இல்லையம்மா."

"டிவியை நிறுத்துங்க. மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடுங்க. நான் போனை வைக்கமாட்டேன்."

கால் மணி நேரத்தில் படபடப்பு அடங்கிற்று. ஆபத்து வந்துவிட்டதென மனம் நம்பினால் இதயம் விரைகிறது, மூச்சு குறுகுகிறது, ஓடுவதற்கு உடல் ஆயத்தமாகிறது. ஓட இடமின்றி அறைக்குள் இருப்பவருக்கு அவ்வாயத்தமே நோயாகத் தோன்றிவிடுகிறது என்று அவர் விளக்கினார். காய்ச்சல் கண்டாலோ மூச்சுத் திணறல் நீடித்தாலோ சற்றும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்றும் எச்சரித்தார்.

அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சுவதை வள்ளுவரும் அறிவுடைமையில் சேர்த்தார். ஆனால் கட்டுக்கடங்காத அச்சம் என்ன செய்யும் என்பதை அவ்வாண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் சென்னையில் கண்டோம். கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் மீது கற்கள் வீசப்பட்டன. உடன்பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண் அள்ளியிட்டு அவரை அடக்கம் செய்தார். கல்லெறிந்தவர்களை நாமும் கடிந்துகொண்டோம். ஆனால் நமது முறையும் வந்தது.

2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, நமது பங்கின் முதியவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். கல்லறைத் தோட்டத்திற்கு நாம் செல்ல வேண்டும். கால்கள் எழவில்லை. உடல்நலமில்லை என்று சொல்லி உபதேசியாரை அனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். கல்லெறிந்தவர்களுக்கும் நமக்கும் உள்ள தொலைவு மிகக் குறைவென்று அப்பொழுது தெரிந்தது.

நடுவண் அரசின் சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறையை எடுத்து மும்முறை வாசித்தோம். உடலைத் தொடலாகாது, ஆனால் தொடாமல் மறைநூல் வாசிக்கவும், தீர்த்தம் தெளிக்கவும் தடையில்லை. எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று தெளிந்ததும் பாதி நடுக்கம் நீங்கிற்று. மறுபாதி நீங்கவில்லை, அதனையும் உடன் அழைத்துக்கொண்டே சென்றோம். பாதுகாப்பு உடையணிந்த நான்கு இளைஞர்கள் உடலைக் குழியில் இறக்கினர். முகக்கவசத்திற்குள்ளிருந்து உரத்த குரலில் செபித்தோம். வாயிலருகே விலகி நின்ற அவருடைய மகள் பின்னர் சொன்னார்: "அப்பா முகத்தைப் பார்க்க முடியல சாமி. ஆனா உங்க குரல் கேட்டுச்சு. அனாதையாப் போகல." அன்றிரவு நாம் நன்றாக உறங்கினோம்.

அமைதி வந்தபின் கடமையைச் செய்யலாம் என்று காத்திருந்தால் அமைதி வருவதில்லை. கைக்கெட்டிய சிறு பணியைச் செய்யத் தொடங்கும்போதுதான் அது வருகிறது. ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் சில சொற்கள். நோய்க்காலத்தில் செய்தியைக் காலையும் மாலையும் ஒருமுறை கேட்டால் போதும். உறுதிப்படாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் பொய் சொல்லாமல், அவர்கள் தாங்குமளவு உண்மையைச் சொல்லுங்கள். உறங்கும் நேரத்தையும் குடும்பச் செபத்தின் நேரத்தையும் மாற்றாதீர்கள். கலக்கம் பல நாட்கள் நீடித்தால் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

2023 மே 5-ஆம் நாள், கொரோனா இனி உலகளாவிய நெருக்கடி நிலையன்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்னொரு கொள்ளைநோய் வாராதென்று எவரும் உறுதி கூற இயலாது. ஊரடங்கின்போது தனித்திருந்த முதியோரின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நாளுக்கு ஐவர் வீதம் தொலைபேசியில் அழைத்து வந்தோம். அக்குறிப்பேடு இன்றும் நமது மேசைமீது இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருக்கட்டும். நோய் வரும்வரை காத்திராமல், இன்று மாலையே அதில் முதற்பெயரை எழுதுங்கள்.