திருவனந்தபுரச் சாலைகளும் நம் பிக்கப் வண்டியும்

ஏழு குன்றுகளின் மேல் எழுந்த நகரம் என்று திருவனந்தபுரத்தைச் சொல்வது வழக்கம். அந்நகரில் ஒருநாள் நடந்து பார்த்தவர்கள் இதனை வெறும் புகழுரையாகக் கொள்ள மாட்டார்கள். தலைமைச் செயலகம் நிற்கும் மேட்டிலிருந்து தம்பானூருக்கு இறங்கினால் ஒரு சரிவு. அங்கிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் மறுபடியும் ஓர் ஏற்றம். குன்னுக்குழி என்று ஓர் இடம் உண்டு. குன்றும் குழியும் அதன் பெயரிலேயே சேர்ந்திருக்கின்றன.

மழையும் இந்நகருக்கு ஆண்டில் இருமுறை வருகின்றது. இடவப்பாதி என்று மலையாள மக்கள் கூறும் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் தொடங்கும். துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில், பெரும்பாலும் மாலை வேளையில், இடியும் மின்னலுமாகப் பொழியும். குன்றுகளில் விழும் நீர் தாழ்வான தம்பானூரையும் கிழக்கேக்கோட்டையையும் நாடி வரும். ஆமையிழஞ்சான் தோடு அங்கே இரயில் நிலையத்தின் அடியாகச் செல்கிறது. அடைபட்ட வடிகால்களைத் திறப்பதற்காக 2015-ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்னும் பணியை அரசினர் மேற்கொண்டனர். ஆயினும் பெருமழைக்குப் பின் தெருவில் நீர் நிற்பது இந்நகர மக்களுக்குப் புதிய காட்சியன்று.

இந்நகரோடு தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள உறவு மிகப் பழையது. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் 1795-இல் இங்கே மாறியது. திவான் இராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர்களின் கடைகள் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு இடம் மாறிற்றே தவிர, வணிகம் வழி மாறவில்லை. இன்றும் தோவாளையின் பூவும் நாஞ்சில் நாட்டு வாழைத்தாரும் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை வழியாகவே தலைநகருக்கு வந்து சேருகின்றன.

அவற்றைச் சுமந்து வருவன பெரும்பாலும் சிறிய பிக்கப் வண்டிகள். மகிந்திரா, டாடா, அசோக் லேலண்ட், இசுசு எனப் பெயர் பல, தொழில் ஒன்று. அதிகாலையில் சரக்கு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுதல், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பயணம். ஒரு வண்டியே கடைக்கும் வீட்டுக்கும் பொதுவாய் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல.

அத்தகைய வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு எழுகின்றது. “அப்பா, வண்டியை ரெண்டு அங்குலம் தூக்கிவிடலாம். தண்ணியிலயும் போகலாம், மேட்டுலயும் அடி தட்டாது” என்று மகன் சொல்கிறான். “கம்பெனிக்காரன் செய்து தந்ததை நாம எதுக்கு மாத்தணும்?” என்று தந்தை கேட்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஐயாயிரம் ரூபாயும் ஐம்பதாயிரம் ரூபாயும் இதில் செலவாகக் கூடும்; தவறினால் குடும்பத்தின் பிழைப்பே வழியில் நின்றுவிடும். ஆதலால் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

வண்டியை உயர்த்தும் முறைகள் இருவகை. சேசிஸ் சட்டத்திற்கும் மேற்கூட்டுக்கும் இடையே கட்டைகள் வைத்து மேற்கூட்டை மட்டும் தூக்குவது ஒன்று. இதனால் வண்டி உயரமாகத் தோன்றும். சட்டத்தின் அடியில் ஒரு நூல் இடைவெளியும் கூடாது. மற்றொன்று ஸ்பிரிங்கின் வழியாகத் தூக்குவது. பின்புறம் பட்டை பட்டையாக அடுக்கிய லீப் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டையைச் சேர்ப்பார்கள். அல்லது ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைப்பார்கள். அல்லது ஷாக்கிளை நீளமாக்குவார்கள். முன்புறம் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் அதன் மேலே ஒரு வளையம் வைப்பதும், உயரமான ஸ்பிரிங் மாற்றுவதும் உண்டு.

இவற்றால் சட்டமும் என்ஜினும் உயரும் என்பது மெய்யே. ஆயினும் பின்புறத்து ஆக்ஸிலின் நடுவே தொங்கும் டிபரென்ஷியல் உருண்டை, முன்பு இருந்த உயரத்திலேயே இருக்கும். அதனைத் தாங்குவது சக்கரமே ஆதலால், பெரிய டயர் போட்டாலன்றி அது உயராது. டயரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர் கூடினால் உருண்டை 25 மில்லிமீட்டர் உயரும்; அவ்வளவே. சாலையில் கிடக்கும் கல்லில் முதலில் தட்டுவது இந்த உருண்டையாயின், ஸ்பிரிங்குக்குச் செலவிட்ட பணம் அவ்விடத்தில் பயன் தராது.

உயரத்துக்கு வண்டி செலுத்தும் விலையும் உண்டு. முன் சக்கரங்களின் சாய்மானம் மாறுவதால் வீல் அலைன்மென்ட் கெடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் கூடினால் அதிர்வு தோன்றும். பிரேக் குழாய் நீளம் போதாமல் இழுபடும். இவற்றினும் கவனிக்க வேண்டியது வேறொன்று. பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பாரத்திற்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். பின்புறம் தாழ்ந்திருந்தால் பாரம் இருக்கிறது என்று அது கொள்ளும். உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று கொள்ளும். வால்வைத் திருத்தியமைக்காமல் பின்புறத்தைத் தூக்கினால், முழுப் பாரம் இருக்கும்போதும் பின் பிரேக் குறைவாகவே பிடிக்கும். வாழைத்தார் ஏற்றிய வண்டி ஓர் இறக்கத்தில் இறங்கும்போது இது சிறிய குறையாகாது.

வளைவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நகரிலிருந்து விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில் 22 கொண்டையூசி வளைவுகள் உண்டு. வண்டி கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடைமையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 1,500 மில்லிமீட்டர், எடைமையம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1.07. எடைமையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் விடை 1.00 ஆகிறது. ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு உறுதி குறைந்துவிட்டது. மேலே அடுக்கிய மூட்டைகள் அதனை மேலும் குறைக்கும்.

இனி, வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல். வேகமாக ஓடும் நீர் இரண்டடி ஆழம் இருந்தாலே பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லவல்லது. தெருநீர் மறைத்திருக்கும் திறந்த ஓடையை இரண்டு அங்குல உயரம் காட்டிக் கொடுக்காது. அந்நேரத்தில் வண்டியை மேட்டில் நிறுத்திக் காத்திருப்பதே அறிவுடைமை.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை உறுதியாக நிலைநிறுத்தியது. அவ்வாண்டே திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கேரள மோட்டார் வாகனத் துறையினர் இதில் கண்டிப்பானவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. விபத்து நேர்ந்தால், மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யவும் இடமுண்டு. நாகர்கோவிலின் டி.என். 74, மார்த்தாண்டத்தின் டி.என். 75 எண்களோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். வேறு மாநிலத்து வண்டி 12 மாதங்களுக்கு மேல் இங்கே இருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அப்போது அதிகாரி வண்டியைப் பார்வையிடுவார். தூக்கிய வண்டி அன்று மறைந்து நிற்க முடியாது.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் வாழும் நம் அன்பர்கள், “எங்கள் ஊரில் இது சாதாரணம்” என்று கூறக்கூடும். அங்குள்ள விதி வேறு. அங்கும் பல இடங்களில் உயர்த்துவதற்கு எல்லை உண்டு. அந்நாட்டுப் படங்களைப் பார்த்து இந்நாட்டுச் சாலையில் வண்டியைத் தூக்குவது பொருந்தாது.

அங்ஙனமாயின் மகனின் குறைக்கு மருந்து இல்லையா? உண்டு. வண்டிக்கு உயரம் போதவில்லை என்று நாம் எண்ணும் பல இடங்களில், வண்டி தன் சொந்த உயரத்தை இழந்து நிற்கின்றது என்பதே உண்மை. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த ஸ்பிரிங் பட்டைகள் வளைவு குன்றித் தாழ்ந்துவிடும். முதலில் கூட்டவேண்டியது இழந்த அந்த உயரத்தையே.

அதனை அறிவது எளிது. சமதரையில் காலி வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு இருப்பின் ஒரு பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதே வகையில் புதிய வண்டி ஒன்றையும் அளந்து ஒப்பிடுங்கள். பிறகு வழக்கமாக ஏற்றும் சரக்கை ஏற்றி மறுபடியும் அளவெடுங்கள். ஆக்ஸிலுக்கு மேலே உள்ள இரப்பர்த் தடுப்பு அடிக்கடி இடிபட்டு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறை புலப்பட்டால், தளர்ந்த பட்டைகளை எடுத்துவிட்டுத் தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே புதியவை போடச் செய்யுங்கள். புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் ஆகியவற்றையும் உடன் பார்க்க வேண்டும். கசியும் ஷாக் அப்சார்பரை இரண்டிரண்டாக மாற்ற வேண்டும். முடிவில் வீல் அலைன்மென்ட். இதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. வண்டி தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பட்டறையில், “எத்தனை அங்குலம் தூக்கணும் அண்ணாச்சி?” என்று கேட்டால், “நான் தினமும் இத்தனை கிலோ ஏத்துறேன், அதுக்குத் தக்கபடி கம்பெனி அளவிலயே செய்து தாங்க தம்பி” என்று சொல்வதே சரியான மறுமொழி. பதிவுச் சான்றிதழில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவதற்கு எந்த ஸ்பிரிங்கும் உரிமை தராது.

உண்மையிலேயே மலைப்பாதையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் அடுத்த வண்டி வாங்கும்போது உயரத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கட்டும். தயாரிப்பாளரே உயர்ந்த அமைப்பில், நான்கு சக்கர இழுவையோடு செய்து தரும் பிக்கப்புகள் இந்நாட்டில் கிடைக்கின்றன. அவற்றில் பிரேக்கும் ஷாப்டும் அவ்வுயரத்துக்கென்றே அமைந்தவை.

இன்னும் ஒரு செய்தி. வண்டியின் தளம் இரண்டு அங்குலம் உயர்ந்தால் 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றையும் சுமைதொழிலாளி இரண்டு அங்குலம் கூடுதலாகத் தூக்க வேண்டும். வீட்டிலுள்ள முதிய தாய் முன் இருக்கையில் ஏற இன்னும் சற்றுக் காலைத் தூக்க வேண்டும். நாள்தோறும் ஓடும் வண்டியின் உயரத்தை முடிவு செய்யும்போது இவர்களையும் ஒரு வார்த்தை கேட்பது முறை. வரும் இடவப்பாதிக்கு முன்னர் அளவு நாடாவோடு வண்டியின் அருகே தந்தையும் மகனும் சேர்ந்து நிற்பார்களாயின், அந்தக் குடும்ப விவாதம் அன்றே தீர்ந்துவிடும்.